புள்ளடி

யாரிடமும் அவர், "நீங்கள் யாருக்கு வோட்டுப் போட்டீர்கள்?" என்று கேட்டதே கிடையாது. கேட்பது பாவம் என்பார். கேட்காமலே அவருக்குத் தெரிந்துவிடும். அதுதான் தொல்லை.

ஆக்லாந்தில் ஈஸ்ட் டாமாக்கி பக்கம், தகர டப்பாவில் அடைத்த மீனையும் தக்காளியையும் அட்டைப் பெட்டிகளில் அடுக்கிக் கடைகளுக்கு அனுப்பும் கிடங்கு ஒன்று. அங்கே ஐந்து வருடம் அவர் பக்கத்தில் நின்று வேலை பார்த்தேன். நான் மதுரைக்காரி. கணவரின் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவள். படித்தது எம்.காம்., பார்த்தது பேக்கிங். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதைத் தொடப்போகிற வயது, அகதியாக வந்து இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியவர். பெயர் வேண்டாம். நான் அண்ணே என்பேன், அவர் பிள்ளை என்பார். அது போதும்.

முதல் நாளே எனக்கும் அவருக்கும் சண்டை.

"பிள்ளை எவடம்?"

"மதுரைண்ணே."

"மதுரையிலை எந்தப் பக்கம்?"

சொன்னேன்.

"தகப்பன்ரை பேர்?"

அதையும் சொன்னேன். மனுஷர் டேப்பை இழுத்து ஒரு பெட்டியை ஒட்டிவிட்டு, நிமிராமலே கேட்டார்: "என்ன ஆக்கள்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏண்ணே, கடல் தாண்டி உலகத்தோட கடைசிக்கே வந்தாச்சு. இங்கயும் இந்தக் கேள்வியா?"

"கோவிக்காதையும். நான் என்ன, சம்பந்தம் பேசவே வந்தனான்? உங்கட வீட்டிலை போனமுறை ஆருக்குப் போட்டிருப்பினம் எண்டு பாத்தனான்." சொல்லிவிட்டு, ஒரு கட்சியின் பெயரையும் சொன்னார்.

சரியாகத்தான் சொன்னார். எங்கள் வீடு மட்டுமா, எங்கள் தெருவே அப்படித்தான் போட்டது. நான் விடுவேனா? "தப்பு" என்றேன். அவர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

ஊரில் அவர் கச்சேரியில் கிளார்க்காக இருந்தவர். கச்சேரி என்றால் பாட்டுக் கச்சேரி இல்லை. இலங்கையில் மாவட்ட அரசாங்க அலுவலகத்துக்கு அதுதான் பெயராம். முதலில் வவுனியா, பிறகு யாழ்ப்பாணம். தேர்தல் வந்தால் அந்த கிளார்க்குகளைத்தான் வாக்குச் சாவடிக்கும் வோட்டு எண்ணுகிற இடத்துக்கும் அனுப்புவார்கள். வவுனியாவில் ஒரு கிராமம் தமிழ், அடுத்தது முஸ்லிம், அதற்கடுத்தது சிங்களம். பெட்டி எந்த ஊரிலிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும், திறக்கவே வேண்டாம் என்பார். கோயில் மணி கேட்கிற ஊரா, பள்ளிவாசல் பாங்கு கேட்கிற ஊரா, புத்த விகாரையில் பிக்கு பணை ஓதுகிற ஊரா, அதற்குள்ளேயே எண்ணி முடித்தாயிற்று.

கிடங்கிலும் அந்த உத்தியோகம் அவரை விடவில்லை. ஒவ்வொரு அட்டைப் பெட்டியையும் மடித்து நிமிர்த்தியதும், டப்பாவை அடுக்கும் முன், பக்கத்தில் நிற்கிறவர் பக்கமாகப் பெட்டியைச் சாய்த்துக் காட்டுவார். உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்குச் சாட்சி. வாக்குச் சாவடியில் காலையில் முதல் வேலையாகக் கட்சி ஏஜெண்டுகளுக்கு வெறும் பெட்டியைக் காட்டி, பிறகுதான் சீல் வைக்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி. முந்நூறையும் காட்டுவார். எதிரில் நிற்கிற சுனில் என்பவர், அவர் கதை பின்னால் வரும், "பார்த்தாச்சு, ஐயா" என்று ஒவ்வொரு தரமும் சலிக்காமல் சொல்வார். எனக்குத்தான் எரிச்சலாக இருக்கும். "அண்ணே, மேனேஜர் பார்த்தா நம்மளைத்தான் பெட்டியில போட்டு ஒட்டுவான்" என்பேன்.

லஞ்ச் ரூமில் புதிதாக ஒருவர் வந்து உட்கார்ந்தால் அண்ணனுக்குப் பசி போய்விடும். பெயர் என்ன, பிறந்த ஊர் எது, ஞாயிற்றுக்கிழமை எங்கே போவீர்கள். இந்த மூன்றும் தெரிந்தால் மெதுவாக என் காதில் தீர்ப்பைச் சொல்வார். ஒரு முறை டோங்காக்காரர் ஒருவர், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், நாங்கள் குசுகுசுப்பதைப் பார்த்துவிட்டு, தன்னைப் பற்றி என்ன பேச்சு என்று பிடித்துக்கொண்டார். வேறு வழியில்லாமல் சொன்னோம். அந்த ஆள் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க அம்மாவை எப்போ பார்த்தீங்க?" என்று அண்ணனின் முதுகில் ஒன்று போட்டார். வீட்டில் அம்மா சொல்கிற கட்சிக்குத்தான் பத்து வோட்டும் விழுமாம்.

இந்த ஊர்த் தேர்தலுக்கு அவர் போன அழகு இருக்கிறதே! மங்கரேயில் அவர் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில்தான் சாவடி. முழுக்கைச் சட்டை, பெல்ட், பாலிஷ் போட்ட சப்பாத்து. உள்ளே போனால் போலீஸ் இல்லை. வரிசையில் ஒரு அம்மா வெறுங்காலோடு நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அண்ணன் வோட்டைப் போட்டுவிட்டு, மை தடவச் சொல்லி இடது கைச் சுண்டு விரலை நீட்டினாராம். மேசையில் இருந்த பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. 'நான் வோட்டுப் போட்டுவிட்டேன்' என்று எழுதிய ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒன்றைக் கொடுத்தாள். அதைச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டு திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். "இதுவும் ஒரு தேர்தலே? நாயும் வருது" என்று நாள் முழுக்கப் புலம்பல். ஆனால் ஸ்டிக்கரைக் கழற்றவில்லை.

அமெரிக்காவில் அதிபர் தேர்தல் நடந்தால் முடிவு வரும் நேரம் எங்களுக்குப் பட்டப்பகல். லஞ்ச் ரூம் டிவியில் ஒரே சிவப்பும் நீலமும். பஞ்சாபிப் பையன்கள் ஒரு பக்கம், பிலிப்பைன்ஸ் பெண்கள் ஒரு பக்கம் கத்துவார்கள். அண்ணன் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு, டிவிக்காரன் வாயைத் திறக்கும் முன் சொல்வார். "இது வெள்ளை ஆக்கள், கிழமைக்குக் கிழமை சேர்ச்சுக்குப் போற இடம். இது கறுப்பின ஆக்கள் இருக்கிற டவுன். இது மெக்சிக்கோவிலை இருந்து வந்த கத்தோலிக்க ஆக்கள், இவைதான் இந்தமுறை கொஞ்சம் ஆடுவினம்." பெரும்பாலும் அப்படியேதான் வரும். "வவுனியாதான் பிள்ளை. கொஞ்சம் பெரிசு" என்று கோப்பையைக் கழுவப் போய்விடுவார்.

ஒரு நாள் கேட்டேன். "அப்போ மனுஷன் யோசிச்சு ஓட்டுப் போடறதே இல்லையாண்ணே?"

"யோசிப்பான். நல்லா யோசிப்பான். ஆனா சனம் விரும்பிப் போடுறேல்ல பிள்ளை, பயந்து போடும். மற்றவன் வந்தா எங்களை என்ன செய்வானோ எண்ட பயம். அந்தப் பயத்தை எந்தப் பக்கத்தாலை பாக்கிறது எண்டு சொல்லிக் குடுக்கத்தான் இனமும் சமயமும்."

எனக்கு எங்கள் தெரு ஞாபகம் வந்தது.

இனி சுனில். குருநாகல் என்ற ஊரைச் சேர்ந்த சிங்களவர், பௌத்தர், அண்ணனைவிட ஏழெட்டு வயது சின்னவர். அவருடைய காரில்தான் மூன்று பேரும் வேலைக்குப் போவோம். விடிகாலை ஐந்தேகாலுக்கு மங்கரேயில் முதலில் அண்ணன் ஏறுவார், முன் சீட். அடுத்த தெருவில் நான், பின் சீட். எனக்கு அப்போது லைசென்ஸ் கிடைக்கவில்லை. இரண்டு தரம் தேர்வில் தோற்றிருந்தேன், அதை இங்கே விரிவாகச் சொல்லப்போவதில்லை.

சுனில் அண்ணனை "ஐயா" என்று கூப்பிடுவதைக் கேட்டு, இவ்வளவு மரியாதையா என்று நான் ரொம்ப நாள் ஆச்சரியப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, சிங்களத்தில் அப்படிச் சொன்னால் அண்ணன் என்று அர்த்தமாம். அண்ணன் அவரை "மல்லி" என்பார், தம்பி. காரில் இருவரும் சிங்களத்தில் பேசிக்கொள்வார்கள். என்னையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆங்கிலத்துக்கு வருவார்கள். கிரிக்கெட், மீன் விலை, மார்ட்கேஜ் வட்டி, யாருடைய சம்பலில் உறைப்பு அதிகம். நான் வருவதற்கு முன்பிருந்தே, பதினோரு வருடமாக அவர்களுக்குள் இதே பேச்சுத்தான். எல்லாருடைய வோட்டையும் சொல்கிறவர் சுனிலுடைய வோட்டை மட்டும் சொன்னதில்லை. நான் அதைக் கவனிக்கவே இல்லை.

கவனிக்க வைத்தது என் வாய்தான். இலங்கையில் தேர்தல் அறிவித்திருந்த நேரம். "அண்ணே, உங்க ஊர்ல அதிபர் தேர்தலாமே?" என்றேன்.

முழித்தார். "அதிபரைத் தேர்தல் வைச்சே எடுக்கிறது? எந்தப் பள்ளிக்கூடம்?"

அவர்கள் ஊரில் அதிபர் என்றால் ஹெட்மாஸ்டராம். நாட்டை ஆள்கிறவர் ஜனாதிபதி. நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் மேனேஜரே எட்டிப் பார்த்தார். சிரித்து முடித்ததும் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஸ்மோக்கோ நேரத்தில், அதுதான் இங்கே பத்து மணித் தேநீருக்குப் பெயர், மேசையில் டப்பாக்களை அடுக்கி இலங்கையையே கட்டினார். இது யாழ்ப்பாணம், இது மன்னார், கத்தோலிக்க ஆக்கள் கூட. இது மட்டக்களப்பு, தமிழும் முஸ்லிமும். இது நுவரெலியா, தேயிலைத் தோட்டத்து ஆக்கள். இது நீர்கொழும்பு, சிங்களவர்தான், ஆனால் மாதா கோயில். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

"குருநாகல்?" என்றேன்.

"அது விடும்."

"ஏன் விடணும்? நம்ம சுனில் ஊரு. அவர் லீவு போட்டு இந்தத் தேர்தலுக்குன்னே போறாராமே. அவங்க அம்மா வீட்டு லிஸ்ட்ல இன்னும் பேர் இருக்காம்."

டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அட்டையில் வைத்தார். பிறகு சொன்னார். அவருக்கு ஒரு தம்பி இருந்தார். போரின் கடைசி மாதங்களில், கடற்கரையோரமாகச் சனம் நெருங்கிக் கிடந்த இடத்தில் இருந்தவர். அதன்பிறகு ஆள் இல்லை. இறந்தார் என்று ஒரு கடிதமும் இல்லை, இருக்கிறார் என்று ஒரு சேதியும் இல்லை. அந்தப் போரை நடத்தியவர், அதற்குச் சில வருடம் முன்னால் நடந்த தேர்தலில் வென்று வந்த ஜனாதிபதி.

"சுனிலின்ரை பேர், ஊர், சமயம் மூண்டும் எனக்குத் தெரியும். அந்தமுறை ஆருக்குப் போட்டிருப்பார் எண்டு பெட்டி திறக்காமலே சொல்லுவன். ஆனா எனக்குத் தெரியிறது வேறை, அவற்றை வாயாலை கேக்கிறது வேறை. கேட்டிட்டா நான் நாளைக்கு அந்தக் காரிலை எப்பிடி ஏறுறது, சொல்லும் பாப்பம்? இந்த ஊரிலை எனக்கு வேறை ஆர் பிள்ளை இருக்கினம்?"

அவருக்கு மனைவி இல்லை. மகள் கல்யாணமாகி வெல்லிங்டனில். பேரப்பிள்ளைகள் போனில் ஆங்கிலத்தில் ஹாய் சொல்லிவிட்டு ஓடிவிடும். காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவது சுனிலின் மனைவி. எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.

ஏன் செய்தேன் என்றால், சுனில் நல்லவர், நல்லவர் அப்படிப் போட்டிருக்க மாட்டார் என்று நான் நம்பினேன். ஒரு வார்த்தை வாயால் சொல்லிவிட்டால் அண்ணனின் மனசிலிருந்து கல் இறங்கிவிடும். புண்ணியம் கட்டிக்கொள்ளப் போனேன். என் நாக்கில் அன்றைக்குச் சனிதான் உட்கார்ந்திருந்தது.

மறு வாரம், காரில், மோட்டார்வேயில் போய்க்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து ஆங்கிலத்தில் கேட்டேன். போருக்கு முன்னால் நடந்த அந்தத் தேர்தலில், சுனில், நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

சுனில் பக்கத்து லேனுக்கு மாறி வேகத்தைக் குறைத்தார். பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அவருக்குத்தான் போட்டேன்" என்றார். "என் அக்கா மகன் ராணுவத்தில் இருந்தான். இருபத்திரண்டு வயது. சீக்கிரம் முடித்துவிடுவேன் என்று அவர் சொன்னார். முடிந்தால் பையன் வீட்டுக்கு வருவான் என்று நினைத்தேன். எப்படி முடியும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருக்க வேண்டும்." பிறகு, "நீங்கள், ஐயா?" என்றார்.

"நான் போடேல்ல" என்று தமிழில் சொன்னார் அண்ணன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார். அந்த முறை யாரும் போடக் கூடாது என்று அவர்கள் பக்கத்தில் ஆயுதம் வைத்திருந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவர் சாவடிப் பொறுப்பாளர். காலையில் வெறும் பெட்டியைக் காட்டி சீல் வைத்தார். சாயங்காலம் வரை மைப் புட்டியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். தேர்தல் வேலைக்குப் போகிறவர்களுக்கென்று முன்கூட்டியே கொடுக்கிற தபால் வோட்டையும் அவர் போடவில்லை. "பயத்தில் போடவில்லை என்று சொல்லலாம். கோபத்தில் என்றும் சொல்லலாம். எது என்று எனக்கே தெரியாது."

நாங்கள் போட்டிருந்தால் அந்த ஜனாதிபதி வந்திருக்க மாட்டார் என்று ஊரில் பலரும் சொல்வார்களாம். அது சுனிலுக்கும் தெரிந்திருந்தது. "அப்படியென்றால் நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் அவரைக் கொண்டுவந்திருக்கிறோம், ஐயா" என்றார்.

ஆறுதலாகத்தான் சொன்னார், சத்தியமாக. அண்ணனுக்கு அது கன்னத்தில் விழுந்த அறை. கிடங்கு வாசலில் இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

மறுநாள் விடிகாலை கார் போனபோது அவர் தன் வீட்டு வாசலில் இல்லை. பஸ்ஸில் போயிருந்தார். மங்கரேயிலிருந்து எங்கள் கிடங்குக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். ஐந்தேகாலுக்குக் கிளம்புகிறவர் நாலரைக்கே கிளம்ப வேண்டும். சுனில் என்னை முன் சீட்டில் உட்காரச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். அந்த சீட் காலியாகவே வந்தது, நான் பின்னால் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தேன். வேலையில் அண்ணன் பெட்டியைச் சாய்த்துக் காட்டவில்லை. மடித்தார், அடுக்கினார், ஒட்டினார். எனக்கு அந்த வெறும் பெட்டியை ஒரு தரம் பார்த்தால் போதும் என்று இருந்தது. "அண்ணே, என்னைத் திட்டவாவது திட்டுங்க" என்றேன்.

"உம்மை ஏன் திட்டுறன்? கேக்க வேண்டியதை நான்தான் பதினொரு வருசமாக் கேக்கேல்ல."

இரண்டு வாரம் அப்படியே போனது. சுனில் ஊருக்குக் கிளம்ப ஆறு நாள் இருக்கும்போது, ஸ்மோக்கோ நேரத்தில் தன் தேநீரை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தார். அண்ணன் எழுந்திருக்கப் பார்த்தார். "ஐயா, இருங்கள். உங்களுக்கு அங்கே வோட்டு இல்லை" என்றார் சுனில்.

"இல்லை. பாஸ்போர்ட் மாத்தினதோடை போச்சு."

"என் சீட்டில் இரண்டாவது இடம் சும்மாதான் கிடக்கிறது."

எனக்கு விளங்கவில்லை. இரண்டு பேருமாக மாறி மாறி விளக்கினார்கள். அவர்கள் ஊர் ஜனாதிபதித் தேர்தலில் ஒரே சீட்டில் மூன்று பேருக்கு விருப்பம் சொல்லலாமாம். முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால்தான் மற்ற விருப்பங்களை எண்ணுவார்கள். அநேகம் பேர் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள்.

"முதல் விருப்பம் என்னுடையது, அதைத் தர மாட்டேன்" என்றார் சுனில். "இரண்டாவது உங்களுடையது. யாருக்கென்று சொல்லுங்கள். யாராக இருந்தாலும் சரி. எங்கள் ஊரில் யாருமே போடாத ஆளாக இருந்தாலும் போடுகிறேன்."

அண்ணன் எழுந்தார். கோப்பையைக் கழுவப் போனார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, அவர் கழுவவில்லை. நான் போய்க் குழாயை மூடினேன்.

ஊரிலிருக்கும் வோட்டையெல்லாம் பெட்டி திறக்காமல் சொல்கிறவருக்குத் தன் வோட்டு எது என்று தெரியவில்லை! ஐந்து நாள் யோசித்தார். "என்னண்ணே, உங்க பேரு, ஊரு, சமயம் எல்லாம் கைவசம் இருக்கே, கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியதுதானே?" என்று சீண்டினேன். "அந்தக் கணக்குக்கு வாற விடையைத்தான் போடுறதோ எண்டு யோசிக்கிறன்" என்றார். அதற்குப் பிறகு நான் சீண்டவில்லை.

சுனில் கிளம்புவதற்கு முதல் நாள் விடிகாலை கார் வந்தபோது முன் சீட்டில் அண்ணன் இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இருட்டாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. கிடங்கு வந்ததும், நாலாக மடித்த ஒரு கடதாசியை சுனிலின் சட்டைப் பையில் வைத்தார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் யார் பெயர் இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தேர்தல் முடிந்து பத்து நாள் கழித்து சுனில் திரும்பினார். இடது கைச் சுண்டு விரலின் நகக்கண்ணில் ஊதா மை இன்னும் இருந்தது. காரில் ஏறியதும் ஸ்டியரிங்கில் அந்த விரலை மட்டும் தனியாகத் தூக்கிக் காட்டினார். "போட்டாச்சு, ஐயா. உங்களுடையதும்."

"எப்பிடிப் போட்டாய்?" அண்ணன் சிங்களத்தில் கேட்டதை சுனில் எனக்காக ஆங்கிலத்தில் திருப்பிச் சொன்னார். பதிலையும் ஆங்கிலத்திலேயே சொன்னார். "என் ஆளுக்கு எப்போதும்போல எக்ஸ் போட்டேன். மடிக்கப் போகும்போது பயமாக இருந்தது, உங்களுடையதை யாரும் பார்க்காமல் விட்டுவிட்டால்? அதனால் உங்கள் ஆளின் கட்டத்தில் இரண்டு என்று இத்தனை பெரிதாக எழுதினேன்." ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அளவு காட்டினார். குழந்தை மாதிரி அவ்வளவு பெருமை.

அண்ணன் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுனிலின் தோளில் கையை வைத்தார். கிடங்கு வரும்வரை எடுக்கவில்லை.

உள்ளே வந்து ஏப்ரனைக் கட்டும்போது பார்க்கிறேன், மனுஷருடைய கண் சிவந்திருக்கிறது. "என்னண்ணே?"

சுனில் தூரத்தில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுச் சொன்னார். "புள்ளடி போட்டிட்டார் பிள்ளை."

"அப்படின்னா?"

ஒரு அட்டையில் மார்க்கரால் எக்ஸ் போட்டுக் காட்டினார். குருவி மண்ணில் கால் வைத்த மாதிரி. அதுதான் புள்ளடி. "ஒருத்தருக்கு மட்டும் போடுறதெண்டா புள்ளடி போடலாம், பிழையில்லை. ரெண்டாவது ஆளுக்கும் போடுறதெண்டா முதல் ஆளுக்கு ஒண்டு எண்டு இலக்கத்திலை எழுத வேணும். புள்ளடியும் ரெண்டும் ஒரே சீட்டிலை இருந்தா அது செல்லாது. கழிச்சுப் போடுவினம். நானே எத்தினை சீட்டைக் கழிச்சிருப்பன்!"

"ஐயோ! நீங்க முன்னாடியே சொல்லியிருக்கலாமேண்ணே?"

"சொல்லியிருக்க வேணும். அண்டைக்கு எனக்கு வாயே வரேல்ல பிள்ளை."

"அப்போ ரெண்டு ஓட்டுமே போச்சா?"

"அவற்றை வோட்டும் போச்சு, என்ரை வோட்டும் போச்சு. ரெண்டும் ஒரே கடதாசியிலை போச்சு." சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "அவர் ஒரு நாளும் இப்பிடிப் போட்டிருக்க மாட்டார். எனக்காகப் போனதிலைதான் தன்ரையையும் கெடுத்துப்போட்டார்."

"சொல்லிடுங்கண்ணே. அடுத்த தடவையாவது ஒழுங்காப் போடுவார்ல?"

"விசரே பிள்ளை உமக்கு? அந்த விரலைத் தூக்கிக் காட்டினதைப் பாத்தனீர்தானே? ஒருக்காலும் சொல்லப்படாது. நீரும் சொல்லப்படாது."

நான் சொல்லவில்லை. அடுத்த வருடம் லைசென்ஸ் கிடைத்தது, பென்ரோஸில் வேறு வேலை கிடைத்தது, அந்தக் காரை விட்டேன். அண்ணன் வேலையை முடித்துக்கொண்டு மகளோடு வெல்லிங்டனுக்குப் போய்விட்டார். சுனிலைப் போன மாதம் ஒரு மீன் கடையில் பார்த்தேன். அண்ணனிடம் ஞாயிறு தவறாமல் பேசுகிறாராம். "ஐயாவுக்கு அந்த ஊரில் வோட்டு இல்லாவிட்டால் என்ன, நான் ஒன்று போட்டிருக்கிறேனே" என்றார், இன்னும் அதே பெருமையோடு. ஆமா சுனில், போட்டீங்க என்றேன்.

அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.